இரண்டு வாசல், நடுவில் ஒரு சுவர்: லினக்ஸ் நிறுவி பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் நாவல், கவிதை, நாடகம், சினிமா என்றுதான் நம் மனம் ஓடும். மலரைப் புரட்டும் அன்பர்கள், "இதென்ன, கம்ப்யூட்டர் சாஃப்ட்வேருக்கெல்லாமா விமர்சனம்?" என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவி நம்மோடு பேசுகிறது. கேள்வி கேட்கிறது, பதில் வாங்கிக்கொள்கிறது, எச்சரிக்கிறது, சில சமயம் நம் பத்து வருடப் போட்டோக்களை ஒரே நொடியில் அழித்தும் விடுகிறது. இவ்வளவு செய்கிற ஒரு பனுவல் யாரிடம் பேசுகிறது, எந்த மொழியில் பேசுகிறது, யாரை விட்டுவிட்டுப் பேசுகிறது என்று ஆராய்வதும் திறனாய்வுதான் என்பது என் கருத்து.

கச்சிபௌலியில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிற எனக்கு, பிறர் செய்த சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் சம்பளம் தரும் தொழில். அந்தப் பழக்கத்தோடுதான் டெபியன் லினக்ஸின் நிறுவியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. உபுண்டு அதிலிருந்து கிளைத்தது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதிலிருந்து வந்ததே. தாய்மரத்தில் உள்ள குணமும் குறையும் கிளைகளுக்கும் வந்து சேரும் அல்லவா?

நிறுவி என்றால் என்ன?

வீட்டில் உள்ள பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. புதுக் கம்ப்யூட்டரோ பழசோ, அதில் ஓர் இயங்குதளத்தை ஏற்றுகிற புரோகிராமுக்கு நிறுவி என்று பெயர். எந்த மொழி, எந்த ஊர் நேரம், எந்தக் கீபோர்டு, வட்டில் எந்தப் பகுதியை அழிக்கலாம், பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று வரிசையாகக் கேட்கும். பதில் சொல்பவர்தான் அந்தக் கம்ப்யூட்டரின் உண்மையான சொந்தக்காரர்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. மகனுக்குப் பதினேழு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. தமிழ்நாட்டில் பார்வையற்றோர் பள்ளியில் பத்தாவது வரை தமிழ் பிரெய்லில் படித்தவன். அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்ததால் ஹைதராபாத்துக்கு வந்தார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனதே, அப்போது அவனுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம் என்று பேச்சு வந்தது. அவன் அம்மா, "கடையில குடுத்தா போட்டுக் குடுத்துருவாங்கண்ணா" என்றார். பையன் குறுக்கே வந்தான்: "மாமா, போன தடவை கடைக்காரர்தான் பாஸ்வேர்டு வச்சாரு. அப்புறம் அதை நான் மாத்தினேன். ஆனா மாத்துற வரைக்கும் அது யார் கம்ப்யூட்டர்?"

இந்தக் கேள்விக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. நிறுவிய பிறகு பார்வையற்றவர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வழிகள் பல உண்டு. நிறுவும்போது மட்டும் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்றால், வீட்டுச் சாவி எப்போதும் முதலில் இன்னொருவர் கைக்குப் போய்த்தான் இவரிடம் வரும்.

தமிழ் நுழைந்த வாசல்

டெபியனின் புதிய நிறுவி 2005 ஜூன் 6ஆம் தேதி, சார்ஜ் என்ற பதிப்போடு வெளியானது. ஏறத்தாழ 40 மொழிகளில் அது பேசியது. அன்றைக்கு அது ஒரு சாதனை. ஆனால் அது உரைத்திரையில், அதாவது கட்டம் கட்டமாக எழுத்து மட்டும் காட்டும் திரையில், ஓடிய நிறுவி. நம் எழுத்து அங்கேதான் முட்டிக்கொண்டது.

லினக்ஸின் உரைத்திரை ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்து வடிவங்களைத்தான் கையாளும். ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம் என்பது அதன் சட்டம். தமிழோ சட்டத்துக்குக் கட்டுப்படாத பிள்ளை. 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வர வேண்டும். நினைவகத்தில் முதலில் 'க', பிறகு ஒகரக்குறி என்று இருக்கும். திரையில் அந்தக் குறி உடைந்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். 'கு', 'டு', 'மு' எல்லாம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். இந்தக் கோத்தல் வேலையை உரைத்திரை செய்யாது.

2007 ஏப்ரல் 8ஆம் தேதி எட்ச் என்ற பதிப்பு வந்தது. அதில் வரைகலை நிறுவி ஒன்றைச் சேர்த்தார்கள். எழுத்தைப் படமாக வரையும் திரை அது. தமிழ், இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, மலையாளம், நேபாளி முதலிய மொழிகள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தன. நிறுவியின் மொழிகள் 58 ஆயின. பெயர் தெரியாத எத்தனையோ தமிழ்த் தன்னார்வலர்கள் ராத்திரி உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல், வரி வரியாக மொழிபெயர்த்தார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நன்றி மறந்த செயலாகும்.

காது நுழைந்த வாசல்

இன்னொரு பக்கம், பார்வையற்றோருக்கான வேலையும் நடந்துகொண்டிருந்தது. பிரெய்ல் காட்சிக் கருவி வைத்திருப்பவர்கள் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருளின் துணையோடு விரலால் வாசித்து நிறுவ முடிந்தது. ஆனால் அந்தக் கருவியின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரம். 2013 மே 4ஆம் தேதி வெளிவந்த வீஸி பதிப்பில்தான் மென்பொருள் குரலைக் கேட்டே நிறுவலாம் என்ற நிலை வந்தது. சாமுவேல் திபோ என்ற பிரெஞ்சுக் கணினி அறிஞரும் அவருடைய தோழர்களும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். குரலுக்கு ஈஸ்பீக் என்ற சிறு மென்பொருள். ஜோனதன் டடிங்டன் உருவாக்கியது. ரோபோ மாதிரி பேசும், ஆனால் கொஞ்சம் இடத்தில் பல மொழிகளை அடக்கிக்கொள்ளும். தமிழும் அதில் உண்டு.

இப்போதைய டெபியனில் இந்த ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் தொடக்கப் பட்டியல் தயார் என்பதற்கு 'பீப்' என்று ஓர் ஒலி வரும். எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் குரல் தொடங்கும். எதையும் தட்டாமல் சும்மா இருந்தால்? சுமார் அரை நிமிடத்தில் குரல் தானாகவே தொடங்கிவிடும். இதை நான் இந்த நிறுவியின் மிக அழகான வரி என்பேன். பார்வையுள்ளவர் திரையைப் பார்த்து ஏதாவது தட்டிவிடுவார். ஒன்றும் தட்டாதவர் ஒருவேளை திரையைப் பார்க்க முடியாதவராக இருக்கலாம். அவருக்காகக் கதவு தானே திறந்துகொள்கிறது. சிறப்பு வசதி என்று ஒரு மூலையில் ஒதுக்காமல், கேட்காதவருக்கும் கிடைக்கும்படி வைத்த இந்த மனப்பான்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சுவர் எங்கே?

வீஸி வெளியீட்டு அறிவிப்பில் ஒரே வாக்கியத்தில் இரண்டு கணக்கு சொல்லியிருந்தார்கள். நிறுவி கிடைப்பது 73 மொழிகளில். குரலோடு கிடைப்பது ஒரு டஜனுக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் என் விமர்சனம் இருக்கிறது.

குரல் வழி நிறுவினால் நிறுவி உரைத்திரை வடிவத்துக்கு மாறிவிடும். வரைகலை வடிவத்தில் குரல் இல்லை. தமிழோ வரைகலை வடிவத்தில் மட்டும்தான் உண்டு. ஆகவே கண்ணுள்ள தமிழருக்கு ஒரு வாசல் இருக்கிறது. கண் தெரியாத, ஆங்கிலமோ பிரெஞ்சோ அறிந்தவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. கண் தெரியாத தமிழருக்கு மட்டும் இரண்டு வாசலுக்கும் நடுவில் உள்ள சுவர்தான் மிச்சம். யாரும் வேண்டுமென்று கட்டிய சுவர் அல்ல அது. ஒரு குழு மொழிக்காக உழைத்தது, இன்னொரு குழு பார்வையற்றோருக்காக உழைத்தது. இரண்டு நல்ல வேலைகள் சந்திக்காமல் போன இடத்தில் சுவர் தானாக எழும்பிவிட்டது.

போதாக்குறைக்கு, குரல் வழி நிறுவலில் முதல் கேள்வியே 'உங்கள் மொழி எது?' என்பது. அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில்தான் கேட்கிறார்கள். 'எனக்கு ஆங்கிலம் வேண்டாம்' என்று சொல்வதற்கே ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு மொழியில் தொடங்கித்தானே ஆக வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் ரயில் நிலையத்தில் ஒரே அறிவிப்பை மூன்று மொழியில் கேட்டுப் பழகிய நமக்கு, முதல் கேள்வியைப் பல மொழியில் மாற்றி மாற்றிச் சொல்லலாமே என்று தோன்றாமல் இருக்குமா?

இப்போது அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். உரைத்திரையில் தமிழை ஏன் விலக்கினார்கள்? கொம்பும் காலும் சரியாக வரையாது என்பதால். வரைவது யாருக்காக? கண்ணுக்காக. குரலைக் கேட்டு நிறுவுகிறவருக்கு அந்த வரைதலே தேவையில்லை! 'கொ' என்பது காதுக்கு உடையாத ஒரே ஒலி. விரலுக்கும் அப்படித்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெய்லில் க என்ற மெய்க்கு முதல் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாவற்றுக்கும் அதே இரண்டு புள்ளிகள். 'கொ' எழுத வேண்டுமானால் முதலில் க, அடுத்து ஒகரம், வரிசையாக. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்ற சங்கடமே கிடையாது. தமிழ் எழுத்தின் சிக்கல் கண்ணுக்கு உள்ள சிக்கல். கண்ணுக்குப் போட்ட தடையை, கண்ணையே பயன்படுத்தாதவர் மேலும் சுமத்தியது எந்த ஊர் நியாயம்?

பொறியாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். உரைத்திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், திரையின் நினைவகத்தில் உள்ளதைத்தான் படிக்கும். அங்கே எழுத்துக்குப் பதிலாக அதன் வடிவத்தின் எண்தான் இருந்தது. வடிவம் இல்லாத எழுத்து கேள்விக்குறி போல ஏதோ ஒன்றாக மாறி, மூல எழுத்து தொலைந்துபோகும். 2018 அக்டோபரில் வெளியான லினக்ஸ் கெர்னல் 4.19இல் நிக்கோலா பித்ர் என்பவரின் பங்களிப்பால் இது மாறியது. வரைய முடியாத எழுத்தையும் யுனிகோடாக அப்படியே நினைவில் வைத்து, பிரெய்ல் மென்பொருள் போன்றவை எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. ஆக, பழைய சாக்கின் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் உள்ள வேலையைச் செய்ய, இது வேலை என்று நினைக்கிற ஆள் வேண்டும்.

காதுக்கான தமிழ்

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணால் படிப்பவர் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு நோட்டம் விட்டு, முக்கியமான இடத்தில் நிற்பார். காதால் கேட்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். நம் மொழியிலோ வினைமுற்று கடைசியில்தான் வரும். அதிலும் உடன்பாடும் எதிர்மறையும் பிரிவது கடைசி அசையில். உதாரணத்துக்கு நானே ஒரு வாக்கியம் எழுதுகிறேன்: 'தெரிவு செய்யப்பட்ட வட்டில் முன்னரே உள்ள தரவுகள் யாவும் இச்செயலின் விளைவாக அழிக்கப்படும்.' இதை இயந்திரக் குரலில் கேளுங்கள். 'படும்' என்றதா, 'படாது' என்றதா? மனம் திக் திக் என்கும். 'எச்சரிக்கை. இந்த வட்டு அழியும். இதில் உள்ள எதுவும் மிஞ்சாது' என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும், காதுக்கும் புரியும்.

கலைச்சொல்லிலும் இதே கதைதான். நமக்கு ப என்று ஓர் எழுத்துதான். 'பூட் பகுதி' என்று கண்ணுக்கு எழுதினால், பார்வையுள்ளவர் ஆங்கிலச் சொல் என்று புரிந்துகொள்வார். இயந்திரக் குரல் அதை வாசித்தால் கேட்பவர் காதில் 'பூட்டு' என்று விழலாம். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு வைத்த சொல் பூட்டிவிடும்! தூய தமிழா, ஆங்கிலக் கலப்பா என்று நாம் இருபது முப்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறோம். கேட்டால் புரியுமா என்ற கேள்வியை அந்தச் சண்டையில் யாரும் அதிகம் எழுப்பியதாகத் தெரியவில்லை.

மறுப்புகளும் பதிலும்

'கம்ப்யூட்டர் படிக்கிற பார்வையற்றவர்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே?' என்பது முதல் மறுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். இவ்வளவு பேரும் ஆங்கிலம் கற்ற பிறகு வாருங்கள் என்று சொல்வது, கண்ணுள்ள தமிழனிடம் சொல்லத் துணியாத வார்த்தை. கண்ணுள்ளவனுக்காக 2007இலேயே தமிழில் வழி செய்தோமே!

'உபுண்டுவில் ஆர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறதே, கேரளத்தில் ஆக்சசிபிள் கோகனட் என்று பார்வையற்றோருக்காகவே ஒரு லினக்ஸ் செய்திருக்கிறார்களே' என்பது இரண்டாவது. உண்மை, நல்ல முயற்சிகள். முழு மேசைச் சூழலையும் முதலில் ஓடவிட்டு, அதில் ஆர்காவைப் பேசவிட்டு, அதற்குள்ளிருந்து நிறுவுகிற முறை அது. வரைகலையும் குரலும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் தெம்பு வேண்டும். பழைய, நினைவகம் குறைந்த பெட்டிகளுக்கு டெபியனின் எளிய நிறுவிதான் கதி. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பழைய பெட்டிதான்.

'இப்போதெல்லாம் யார் சார் நிறுவுகிறார்கள்? எல்லாம் போட்டே வருகிறதே' என்பது மூன்றாவது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டே வந்தது. மாணவர்கள் நிறுவியைச் சந்திக்கவே இல்லை. வசதிதான். ஆனால் போட்டு வருவதை மாற்ற வேண்டிய நாள் ஒன்று வரும். அன்று கேள்விக்குப் பதில் சொல்லப்போவது யார் என்பதுதான் பிரச்சினை.

நமக்கு இதில் என்ன?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் சொந்தமாக ஓர் அக்கறை உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, தெலுங்கு. தமிழ் வீட்டுப் பேச்சில் மட்டும். பாட்டி சொல்லும் கதை புரியும், பாட்டி எழுதிய கடிதத்தை வாசிக்கத் தெரியாது. தமிழ் அவர்கள் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. அந்த வகையில் அவர்களும் பார்வையற்ற தமிழரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். பேசும் தமிழ்க் கம்ப்யூட்டர் அவர்களுக்கும் தேவை. எழுத்தைச் சரியாக வரைந்துவிட்டால் தமிழுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைத்த ஒரு தலைமுறை நாம். மொழி முதலில் ஒலி என்பதை மறந்துபோனோம்.

நாம் இருக்கும் இடமும் சாதாரண இடமில்லை. கச்சிபௌலியிலிருந்து இயங்கும் சுவேச்சா என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு, தெலுங்குக்காரர்களுக்காகத் தெலுங்கிலேயே ஒரு லினக்ஸை 2005இல் கொண்டுவந்தது. அதே கச்சிபௌலியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளின் பேச்சுத் தொழில்நுட்பம் பற்றிய ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பொறியாளர்கள். சனி ஞாயிறு பிரியாணிக்கும் மாலுக்கும் போக மிச்ச நேரம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும்.

செய்யக்கூடிய வேலைகள் பெரிய வித்தை அல்ல. ஈஸ்பீக்கின் தமிழ் உச்சரிப்பு விதிகள் சாதாரண உரைக் கோப்புகளாகவே கிடைக்கின்றன. எந்தச் சொல்லை அது தப்பாக உச்சரிக்கிறது என்று கேட்டுத் திருத்தி அனுப்பலாம். நிறுவியின் தமிழ் வாக்கியங்களைத் திரையில் படித்துப் பார்ப்பதோடு நிற்காமல், குரலில் ஓடவிட்டுக் கேட்டு, நீளமானவற்றை உடைக்கலாம். கேட்டுச் சொல்லும் அந்த வேலைக்குப் பார்வையற்ற நண்பர்களையே ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். நம் காது அவ்வளவு பழகிய காது அல்ல. கெர்னல் தெரிந்த நாலு பேர் சேர்ந்தால் குரல் வழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும் கோரிக்கையைச் செயல்முறையோடு டெபியன்காரர்கள் முன் வைக்கலாம். 2023 செப்டம்பரில் அவர்களுடைய உலக மாநாடே கொச்சியில் நடந்தது. ஆகவே தூரத்து ஆட்கள் என்று தயங்க வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் அரசைத்தான் கட்டும். தன்னார்வலர்கள் கட்டிய நிறுவியைத் தன்னார்வலர்கள்தான் திருத்த வேண்டும். டெபியன் நிறுவிக்கு என் மதிப்பெண் கேட்டால், மொழிக்குத் தனியாக முதல் வகுப்பு, பார்வையற்றோர் வசதிக்குத் தனியாக முதல் வகுப்பு தருவேன். இரண்டும் சேர்ந்து வருகிற தாளில் மட்டும் இன்னும் தேர்ச்சி இல்லை. அந்தத் தாளை அவர்கள் தனியாக எழுத முடியாது. அதை எழுதத் தமிழ் தெரிந்த காது வேண்டும், அது நம்மிடம் இருக்கிறது.